பிளாக்ஹீத் வாசலில் நாற்பது நிமிடம்

ஏப்ரல் பிறந்தால் என் கைத்தொலைபேசி ஓயாமல் அதிரத் தொடங்கிவிடும். ‘உங்கள் வாசலில் ஒருவர் நிற்கிறார்’ என்று செய்தி வரும். திறந்து பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கவுன்சில் நட்ட செரி மரம் ஒன்று நிற்கிறது. அது பூத்துக் காற்றில் ஆடினாலோ, இதழ்கள் கும்பலாக உதிர்ந்தாலோ, அழைப்புமணியில் பொருத்தியிருக்கும் கமரா அதை மனிதர் என்று எடுத்துக்கொள்கிறது. சிலவேளை உண்மையாகவே மனிதர் நிற்பார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கள் மதிலில் சாய்ந்து, பூங்கொத்தைக் கன்னத்தோடு சேர்த்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு பழமும் தராத மரத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனாலும் வருகிற செய்தியைத் திறந்து பார்க்காமல் விட மனம் வராது. நான் ஒரு கடைத்தொகுதியில் கமராத் திரைகளுக்கு முன்னால் இருக்கும் காவலாளி. யார் பையைத் திறக்கிறார், யார் ஒரே இடத்தில் கனநேரம் நிற்கிறார், யார் வாசலை அடிக்கடி பார்க்கிறார் என்று பதினெட்டு வருடங்களாகக் கவனித்து வருகிறேன். ஷிப்ட் முடிந்து சீருடையைக் கழற்றலாம். கண்ணைக் கழற்றி வைக்க முடிவதில்லை.

போன வசந்தத்தில் என் தங்கை தேவகி மூன்று கிழமைக்கு எங்களிடம் வந்திருந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. சாவகச்சேரியில் தனியாக இருக்கிறாள், கலியாணம் கட்டவில்லை, பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர் வேலை. பார்வையாளர் விசாவுக்கு நான்தான் பொறுப்புக் கடிதம் கொடுத்தேன். ‘என் தங்கை குறித்த நாளில் நாடு திரும்புவாள்’ என்று அதில் ஒரு வரி. அந்த வரியைத் தட்டெழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதற்குக் காரணம் குணம் அண்ணை.

குணம் அண்ணை என்னோடு வேலை செய்தவர், பக்கத்துத் தெருவில் இருப்பவர். அவர் தன் மனைவியின் தம்பியை இப்படித்தான் விசிட்டில் எடுத்தார். வந்த பத்தாம் நாள், ஒரு சுற்றுலா இடத்தில் ஐஸ்கிறீம் வாங்கப் போன பெடியன் திரும்பி வரவில்லை. எங்கேயோ சமையல்கட்டில் வேலை செய்வதாக ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தது. அதற்குப் பிறகு குணம் அண்ணை யாருக்குக் கடிதம் கொடுத்தாலும் விசா மறுத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய ஓயாத முறைப்பாடு. நாங்களோ அடுத்த வருடம் என் மனைவி சாந்தியின் தாயாரைக் கூப்பிட இருந்தோம். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒருமுறை விசா மறுத்துவிட்டால் பிறகு கூப்பிடுவதற்கு அவர் இருக்கமாட்டார்.

“வந்த உடனை பாஸ்போட்டை வாங்கி வைச்சிடும்” என்று குணம் அண்ணை சொல்லியிருந்தார். தேவகி வந்து இறங்கிய அன்றிரவே, துலைந்துவிடக்கூடாது, கவனமாக வைக்கிறேன் என்று சொல்லி வாங்கி என் அலுமாரியில் பூட்டிவிட்டேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தாள், அவ்வளவுதான். அரச அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் மற்றவர்களுடைய பத்திரங்களைச் சரிபார்த்த பெண்ணின் பார்வை அது என்று அப்போது எனக்குப் படவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கின. மூன்று கிழமைக்கு வந்தவள் தடித்த குளிரங்கி இரண்டு கொண்டுவந்திருந்தாள். துணிகளுக்கிடையில் ஒரு நீல நிற ஃபைல். சாந்தி அலுமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுக்கும்போது அது சரிந்து விழ, பிறப்புச் சான்றிதழ், பல்கலைக்கழகச் சான்றிதழ், நியமனக் கடிதம் எல்லாம் கட்டிலில் பரவியதாம். “ஊர் பாக்க வாற ஆள் உதெல்லாம் ஏன் காவிக்கொண்டு வாறா?” என்று சாந்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் தாயின் விசா நினைவு.

அடுத்தது நான் எழுதவே கூசுகிற விசயம். தேவகி பின்னேரங்களில் முன்மதிலில் இருந்தபடி கைத்தொலைபேசியில் கதைப்பாள். அழைப்புமணிக் கமரா படத்தோடு குரலையும் பதிவுசெய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இடைவேளையில், திரைகளுக்கு முன்னால் இருந்துகொண்டு, என் தங்கையின் பேச்சைக் காதில் மாட்டிக் கேட்டேன்.

“ஓமடி, பேப்பர் எல்லாம் என்னட்டைத்தான் இருக்கு. சட்டனுக்கு இஞ்சையிருந்து எப்பிடி வாறது? இல்லை, அண்ணைக்கு இப்ப ஒண்டும் சொல்லேல்லை. பாப்பம்.”

மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டேன். சட்டன் லண்டனின் தெற்கு மூலை. அங்கே எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில், பருப்பைப் பிசைந்தபடி, தேவகி கேட்டாள்:

“அண்ணை, கிரீனிச் எண்ட இடத்திலை செரிப்பூ வடிவாப் பூத்திருக்காம். சனிக்கிழமை பாக்கப் போவமே?”

எனக்குத் தெரிந்த தேவகி பூப் பார்க்கிற ஆள் இல்லை. “ஆர் சொன்னது?” என்று கேட்டேன்.

“ஒரு சிநேகிதி.”

சாந்திக்கு மகரந்தம் ஒத்துவராது. ஏப்ரலில் கண் வீங்கி, மூக்கு ஒழுகி வீட்டுக்குள்ளேயே இருப்பாள். ஆகவே நானும் தேவகியும் மட்டும் புறப்பட்டோம். ரயில் ஏறி, ஸ்ரட்ஃபோர்ட்டில் இறங்கி, சாரதி இல்லாமல் ஓடும் சின்ன ரயிலுக்கு மாறி, ஆற்றுக்குக் கீழால் போனோம். வழிநெடுக அவள் நிலையங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்ற எந்த விருந்தாளி அப்படிச் செய்தாலும் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அவள் வழியை மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். மடியில் அவளுடைய பெரிய கறுப்புக் கைப்பை. அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கிரீனிச் பூங்காவின் மேற்பக்கத்தில், ரோசாத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் இரண்டு வரிசையாகச் செரி மரங்கள். நடுவில் நடந்தால் தலைக்கு மேலே வானம் தெரியாது. வெளிறிய சிவப்பில் ஒரே பூ. நானும் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்துவிட்டு, ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருக்கும் இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை என்பதைத் தங்கைக்கு நான் சொல்லவில்லை. சனம் நிறைந்து வழிந்தது. ஒரு சோடி கலியாண உடுப்போடு வந்து நின்றது. நாய்க்குத் தொப்பி போட்டுப் படம் எடுத்தார்கள். தேவகி ஒரு கிளையை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள்.

“இது காய்க்காதோ?”

“காய்க்காது. பூவுக்குத்தான்.”

“எத்தினை நாளைக்கு நிக்கும்?”

“ஒரு கிழமை, பத்து நாள்.”

“அதுக்கே இவ்வளவு சனம்” என்றாள். அதில் நக்கல் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அலுவலகத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று வீடியோ பிடிக்கத் தொடங்கினாள். பாதையோரத்து மரவாங்கு ஒன்றில் அவளை இருத்தி, “இந்த இடத்தை விட்டு அசையாதை, கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். கோப்பிக் கடையில் வரிசை நீளம். நின்ற நேரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சனம் மறைத்தது.

இரண்டு கோப்பியோடு திரும்பி வந்தபோது அந்த வாங்கில் கலியாணச் சோடி இருந்தது. தேவகியைக் காணவில்லை.

அழைத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. கோப்பியைப் புல்லில் வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம் இதுதான்: பூங்காவை விட்டு வெளியேறுகிற வழிகளை மனதில் எண்ணினேன். பஸ் ஓடும் தெருவுக்கு மிகக் கிட்ட இருப்பது பிளாக்ஹீத் பக்கத்து வாசல். அங்கே ஓடினேன். வாசலுக்கு வெளியே கார்கள், பஸ்கள், பட்டம் விடும் பிள்ளைகள். கறுப்புப் பை வைத்த எந்தப் பெண்ணும் என் கண்ணுக்குத் தேவகியாகவே தெரிந்தாள்.

சாந்திக்கு எடுத்தேன். “அந்த நீல ஃபைல் இருக்கோ எண்டு அவளின்ரை அறையிலை பார்.”

“ஏன், என்ன நடந்தது?”

“பார் முதலிலை.”

அவள் படியேறுவதும், அலுமாரிக் கதவு திறப்பதும், தும்முவதும் கேட்டது. “காணேல்லை” என்றாள். “உடுப்பெல்லாம் கிடக்கு. ஃபைல் இல்லை. மச்சாள் எங்கை?”

அழைப்பைத் துண்டித்தேன். வாசலருகே பச்சை மேலங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், அறுபது வயதிருக்கும், வருகிறவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் போய், என் தங்கையைக் காணவில்லை என்றேன். அவள் உடனே கரிசனையோடு குனிந்து, “அவர் வல்னரபிளா?” என்று கேட்டாள். எங்கள் கடைத்தொகுதியில் தனியே விடக்கூடாதவர்களைப் பற்றி ரேடியோவில் அப்படித்தான் சொல்வோம். நான் அவசரமாக, “இல்லை, அவள் அரசாங்க உத்தியோகத்தர்” என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் குழம்பிப்போனாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அவர் வழி தவறிவிட்டாரா, அல்லது போய்விட்டாரா?”

“போய்விட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அப்படியென்றால் பரவாயில்லை. வளர்ந்த பெண்தானே” என்று சொல்லிச் சிரித்து, நல்ல வெயில் நாள், மகிழ்ச்சியாக இருங்கள் என்று வாழ்த்திவிட்டு ஒரு பிள்ளைவண்டிக்கு வழிவிடப் போனாள். வளர்ந்த ஒரு பெண் தன் விருப்பப்படி ஒரு பூங்காவை விட்டுப் போவது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை.

பிறகு குணம் அண்ணைக்கு எடுத்தேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. “நான் சொன்னனான்தானே? இஞ்சை கேளும். முந்திக்கொண்டு நீரே அறிவிச்சிடும். அவங்கள் கண்டுபிடிக்க முதல் நீர் சொன்னா உம்மிலை பிழை வராது. எனக்கு அந்தப் புத்தி அப்ப வரேல்லை.”

குடிவரவு விதியை மீறுகிறவர்களைப் பற்றி அறிவிக்க இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் தேடித் திறந்தேன். பெயர் கேட்டது. எழுதினேன். பிறந்த திகதி கேட்டது. தங்கையின் பிறந்தநாள் எனக்கு யோசிக்காமலே வந்தது. எந்த நாட்டவர், கடைசியாக எங்கே காணப்பட்டார், என்ன உடுப்பு. ‘சாம்பல் நிறக் குளிரங்கி, மண்ணிறச் சல்வார், கறுப்புக் கைப்பை’ என்று வேலையில் எழுதுகிற அதே ஒழுங்கில் எழுதினேன். நீங்கள் அவருக்கு யார் என்ற கட்டத்தில் விரல் நின்றது.

நின்ற இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது தொண்ணூற்றோராம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பதினேழு. கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை, நாலு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போனேன். வெளிநாடு போகிற கதை ஒருவருக்கும் தெரியக்கூடாது, வீட்டிலும் சொல்லாதே என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அம்மாவுக்கு மட்டும் தெரியும். தேவகி பஸ் நிலையம் வரை சைக்கிளில் வந்து, நேர்முகத்துக்குப் போடச் சொல்லித் தான் இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சட்டையைத் தந்தாள். இரண்டு மாதம் கழித்து, நான் லண்டனிலிருந்து போட்ட கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு விசயம் தெரியும். ஹீத்ரோவில் அதிகாரி பெயர் கேட்டபோது நான் சொன்னது வேறொருவனுடைய பெயர். இந்த மண்ணில் என் வாயிலிருந்து வந்த முதற் சொல் அது. அந்த நான்தான் பிளாக்ஹீத் வாசலில் நின்று தங்கையைப் பற்றிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அனுப்புகிற பொத்தானை நான் அழுத்தவில்லை. நல்ல மனம் தடுத்தது என்று சொன்னால் அது பொய். ரயில் நிலையத்துக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தேன். நிலையத்துக்குப் போகிற வழி திரும்பவும் செரி மரங்களுக்கு ஊடாகத்தான். பாதி தூரம் வந்திருப்பேன். எதிர்வரிசையில், கலியாணச் சோடியின் வாங்குக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஒரு மரத்தின் அடியில் புல்லில் காலை நீட்டிக்கொண்டு தேவகி இருந்தாள். தலைமயிரிலும் மடியிலும் இதழ்கள்.

என் வாயிலிருந்து வந்தது “என்னம்மா, எங்கை போனனீ?” அல்ல. “ஃபைல் எங்கை?” என்றுதான் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கைப்பையைத் திறந்து காட்டினாள். நீல ஃபைல் உள்ளே இருந்தது.

“இருங்கோ அண்ணை” என்றாள். இருந்தேன்.

“அந்தக் கலியாணச் சோடி படம் எடுக்க வாங்கு வேணுமெண்டு கேட்டதுகள். எழும்பி இஞ்சாலை வந்தன். வீடியோ பிடிச்சதிலை போன் செத்துப்போச்சு. நீங்கள் கோப்பியோடை வந்தனீங்கள், கண்டனான். கூப்பிட்டன், கேக்கேல்லை. பிறகு அந்த வாசலுக்கு ஓடினீங்கள். இஞ்சையிருந்து பாத்தா உங்கட நீலச் சட்டை தெரியுது. எழும்பி நிண்டு கை காட்டினன். நீங்கள் றோட்டையே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

“வந்திருக்கலாம்தானே நீ.”

“அசையாதை எண்டு சொன்னது நீங்கள்.” நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: “நான் துலைஞ்சுபோனன் எண்டு நினைச்சிருந்தா மரங்களுக்கை தேடியிருப்பீங்கள். நீங்கள் வாசல்லை போய் நிண்டனீங்கள்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையை இதழ்களின் மேல் உருட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊர் பாக்க வந்தனீ, சேட்டிபிக்கேட்டெல்லாம் ஏன்?” என்று கேட்டேன். கேள்வியைக் கைவிட என்னால் முடியவில்லை.

“தொண்ணூற்றைஞ்சிலை ஆமி வருகுதெண்டு ஒரே இரவிலை முழுச்சனமும் எழும்பி நடந்தது தெரியும்தானே. மழையுக்கை, றோட்டிலை கால் வைக்க இடமில்லை. இந்த ஃபைலை அம்மா சொப்பிங் பையிலை சுத்தித் தன்ரை வயித்தோடை கட்டினவா. அதாலைதான் எனக்கு வேலை கிடைச்சது. பேப்பரை விட்டிட்டு வந்ததுகள் தாங்கள் ஆரெண்டு காட்ட ஏலாமல் எங்கட செயலகக் கந்தோர் வாசல்லை வருசக்கணக்கா நிண்டதுகள். அண்டையிலையிருந்து நான் சந்தைக்குப் போனாலும் இது என்னோடை வரும். எங்கட கந்தோரிலை முக்கால்வாசிப்பேர் இப்பிடித்தான். நீங்கள் அதுக்கு முதலே வெளிநாடு போயிட்டீங்கள். உங்களுக்குத் தெரியாது.”

அவள் குற்றம் சாட்டவில்லை. திகதியைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“பாஸ்போட் மட்டும்தான் இதுக்குள்ளை இல்லை” என்றாள் பிறகு. “அது உங்கட அலுமாரியிலை. ஏன் வாங்கினனீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது.”

நான் சட்டனைப் பற்றிக் கேட்டேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அதையும் ஊகித்திருப்பாள்.

“என்னோடை படிச்சவள். அவளின்ரை தாய்மனுசியின்ரை மரணச் சான்றிதழை ஊரிலை அவளின்ரை ஆக்கள் என்னட்டைக் குடுத்துவிட்டவை. அதைக் குடுக்கவேணும். அவள்தான் சொன்னவள், இஞ்சையே நில்லன், வயசானாக்களைப் பாக்கிற வேலை எடுத்துத் தாறன் எண்டு.” ஒரு இதழை விரலால் சுண்டிவிட்டாள். “ரெண்டு நாள் யோசிச்சும் பாத்தன், அண்ணை. பொய் சொல்லேல்லை. அந்த வீட்டிலை இரவிலை கரண்ட் போனா எனக்கு இப்பவும் பயம். அதுதான் உங்களிட்டைச் சொல்லேல்லை. சொன்னா நீங்கள் பயப்பிடுவீங்கள்.”

“பிறகு?”

“பிறகென்ன. அங்கை நான் கந்தோருக்குப் போனா நாலுபேர் ‘மிஸ்’ எண்டு எழும்புவினம். இஞ்சை ஐம்பது வயசிலை ஒளிச்சு ஒளிச்சு ஆரின்ரை காலைக் கழுவுறது? ஏலாது.”

ஆறிப்போன கோப்பிகள் புல்லில் வைத்த இடத்திலேயே இருந்தன. அவள் போய் எடுத்து வந்தாள். இருவரும் குடித்தோம். அன்று மாலை பாஸ்போட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சட்டனுக்கு நானே காரில் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அந்தச் சிநேகிதி எனக்குத் தேத்தண்ணி தந்தாள். ஆனாலும் வெளியே வந்து காரில் இருந்து, அவர்கள் உள்ளே என்ன கதைக்கிறார்களோ என்று யோசித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம் ஒரு பின்னேரத்தில் போய்விடுவதில்லை.

பாதி நிரப்பிய அந்தப் படிவத்தைப் பற்றித் தேவகிக்கு இன்றுவரை தெரியாது. அன்று ரயிலிலேயே அழித்துவிட்டேன். அவள் பத்திரிகை வாசிக்கிறவள், இதையும் வாசிப்பாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தேவகி. நீ சாம்பல் நிறக் குளிரங்கி போட்டிருந்தாய் என்றுகூட எழுதினேன்.

போகிற நாளில் ஹீத்ரோவுக்கு நான் மட்டும் கூட்டிப்போனேன். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் இடத்தில், “சாந்தியின்ரை அம்மாவைக் கூப்பிடுங்கோ, அவவுக்கு நான் ஊரிலை எல்லா ஃபோமும் நிரப்பித் தாறன்” என்றாள். என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள். பிறகு போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

வீட்டுக்கு வெளிக்கிடாமல் விமான நேரங்கள் காட்டும் பெரிய பலகைக்குக் கீழே போய் நின்றேன். கொழும்பு ஏழாவது வரியில் இருந்தது. கதவு மூடுகிறது என்று வந்தது. மூடியாயிற்று என்று வந்தது. பயணப் பெட்டிகளோடு சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு காவலாளி தூரத்திலிருந்து என்னையே கவனிக்கத் தொடங்கியதைக் கண்டேன். ஒரே இடத்தில் கனநேரம் நிற்கிற ஆளை நானும் கவனித்திருப்பேன். அவன் வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். யாருக்காகவும் இல்லை என்றேன். அவள் உண்மையாகவே போகிறாளா என்று பார்க்க நின்றேனா, போகாமல் இருந்துவிடமாட்டாளா என்று நின்றேனா, அவனுக்கு எதைச் சொல்வது? பலகையில் கொழும்பு ஒவ்வொரு வரியாக மேலே ஏறியது. கடைசியில் முதல் வரிக்கு வந்து, சிறிது நேரம் அங்கே நின்றுவிட்டு, இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு வேறொரு ஊரின் பெயர் ஏறியது. நான் இன்னும் அண்ணாந்தபடியே நின்றேன்.